கை தட்டினதுக்கு அப்புறம்

ஜன்னலோரம் அவரு, பக்கத்துல நானு, எலெக்ட்ரிக் ட்ரெயின் சென்ட்ரல விட்டு நகந்தாச்சு, இனிமே திருத்தணி வர்ற வரைக்கும் என் வேலை ஒண்ணே ஒண்ணுதான், தூங்காம இருக்கறது. கேக்க சுலபமாத்தான் இருக்கும். ராத்திரி பூரா மாதவரம் கொரியர் கொடவுன்ல நின்னு பார்சல் பிரிச்சிட்டு, காலையில மூஞ்சிய மட்டும் கழுவிட்டு நேரா ஆதரவில்லாதவங்க இருக்கற ஹோமுக்கு வந்து இன்டர்ன்ஷிப் பாக்கறவனுக்கு இது பெரிய வேலை. ஈவினிங் காலேஜ்ல சோஷியாலஜி படிக்கறவங்களும் லீவுல ஒரு தொண்டு நிறுவனத்துல பகல்ல வேலை செஞ்சு சர்ட்டிபிகேட் கொண்டாரணும்னு யூனிவர்சிட்டி சொல்லிடுச்சு. ஈவினிங் காலேஜுக்கு ஒருத்தன் ஏன் வர்றான், பகல்ல அவன் என்ன பண்ணிட்டிருப்பான்னு யூனிவர்சிட்டிக்கு யாரும் சொல்லல போல. அதனால நான் பகல்ல தூங்கறத விட்டுட்டேன், அவ்வளவுதான், பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல, விட்டா அது தானா நின்ன எடத்துல வந்துடுது, போன வாரம் ஹோம்ல சாம்பார் ஊத்தும்போது வந்துச்சு, கரண்டியோட ஒரு அர நிமிஷம் தூங்கியிருக்கேன், எதுர்ல தட்ட நீட்டிட்டு நின்னவரு எழுப்பவே இல்ல, பொறுமையா நின்னாரு. அவருதான் இவரு. தேசிங்கண்ணன். அவரு நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. தலையில அடிபட்டு பெரியாஸ்பத்திரில கெடந்து, பேரு ஊரு எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லி ஹோமுக்கு அனுப்பினாங்களாம், வந்த புதுசுல கட்டில்ல ஒரு கால இந்தாண்ட ஒரு கால அந்தாண்ட போட்டு குதிர மேல உக்காந்த மாதிரி உக்காருவாராம், ஹோம்ல வாட்ச்மேனா இருக்கற மஸ்தான் பாய்தான் தேசிங்குன்னு பேரு வெச்சது. வயசு அம்பத்தஞ்சு இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். இப்ப ஜன்னல் கம்பில கன்னத்த வெச்சுக்கிட்டு பேசின் பிரிட்ஜ் புகைய பாத்துட்டிருக்காரு. புது வேட்டி, யாரோ குடுத்த கோடு போட்ட சட்ட, மடியில ஒரு பை, பையில துண்டு, தட்டு, சோப்பு. வீட்டுக்குப் போறவங்களுக்கு ஹோம்ல குடுக்கற பை. பொண்ணு வீட்ட விட்டு கெளம்பற மாதிரி காலையில எல்லாரும் வாசல் வரைக்கும் வந்தாங்க. நாங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள அவரு கட்டில்ல இருந்த பெட்ஷீட்ட உருவிட்டாங்க, அது தப்பில்ல, அது ரூலு, ஒருத்தரு வீட்டுக்குப் போயிட்டா அன்னிக்கே அந்தக் கட்டில் வேற ஒருத்தருக்கு. மெட்ராஸ்ல கட்டில் காலியா இருந்து நான் பாத்ததில்ல. அதனால இவரு போற எடத்துல வீடு இருக்கணும். இருக்கு. நான்தான் கண்டுபிடிச்சேன். அத நெனச்சா ஒரு ரெண்டு நிமிஷம் தூக்கம் போகுது.

கண்டுபிடிக்கறதுக்குன்னு ஒரு மொற இருக்கு, மொத நாளே பெனிட்டா மேடம் சொல்லிக் குடுத்தாங்க, அவங்கதான் ஹோமுக்கு எல்லாம். ஊர் எதுன்னு நேரா கேக்கக் கூடாது, குபேந்திரன், கேட்டா பயந்துடுவாங்க, சுத்தி வளைச்சு கேளுங்க. சினிமாக்கு எந்த ஊருக்குப் போவீங்க, பஸ்ஸு எந்தக் கலரு, திருவிழா எந்த மாசம், கெணத்துத் தண்ணியா பம்ப்புத் தண்ணியா. நல்ல மொறதான். ஆனா கேக்கறவன் தூங்காதவனா இருந்தா என்ன ஆகும்னு அவங்க சொல்லல. ஊர்ல மலை இருக்காண்ணே? இருக்கும். கோயிலு? இருக்கும். மலை மேலயா? ஆமா, மேலதான். முருகனா? முருகன்தான். படி ஏறணுமா? படி ஏறாம எப்படிப்பா. நெசவு உண்டா, தறிச் சத்தம் கேக்குமா? கேக்கும் கேக்கும், காது வலிக்கும். இப்ப யோசிச்சா, அவ்வளவு கேள்விக்கும் பதில் என் கேள்விக்குள்ளயே இருந்திருக்கு, அவரு எடுத்து எடுத்து என் கையிலயே குடுத்திருக்காரு. அன்னிக்கு அது தோணல. அன்னிக்கு எனக்கு மயிர்க் கூச்செறிஞ்சுது. திருத்தணிப் பக்கம் நெசவுக்காரங்க இருக்கற வாட்ஸப் குரூப்பு ஒண்ணுல போட்டோவப் போட்டேன், நாலாம் நாளு ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பேரு கோமளா. திருத்தணிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பொண்ணு சின்னக் கொழந்தையா இருக்கும்போது தறி வேலைக்குன்னு வெளியூரு போன வீட்டுக்காரரு, துரைக்கண்ணு, வரவே இல்லையாம். வீடியோ கால் போட்டோம். ஹோம்ல பாதிப் பேரு சுத்தி நின்னாங்க. அந்தம்மா போன்ல ரொம்ப நேரம் பாத்தாங்க. ரொம்ப நேரம். நெட்டு நின்னுடுச்சோன்னு நான் போன ஆட்டிப் பாத்தேன். அப்புறம் முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, அவருதான்னாங்க. ஹோமே கை தட்டுச்சு. மஸ்தான் பாய் கண்ணத் தொடச்சாரு. தேசிங்கண்ணன் தலைய ஆட்டினாரு, நல்லாருக்கியான்னு கேட்டாரு, அவ்வளவுதான் கேட்டாரு, எல்லாருக்கும் அதுவே பெரிசா இருந்துச்சு. வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ள வீட்ல ஒரே கேள்வியாம், அப்பா இருக்காரா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பத்திரிகையில அவரு பேருக்கு முன்னாடி திருன்னு போடறதா, அமரர்னு போடறதான்னு அச்சாபீஸ்காரன் நிறுத்தி வெச்சிருக்கானாம். இருக்காருன்னா புருஷன் பொண்டாட்டியா ஜோடியா மணையில நின்னு தாரை வார்க்கணும், இல்லன்னா அந்தம்மா ஓரமா ஒதுங்கி நிக்கணும், அவங்க தம்பியும் தம்பி பொண்டாட்டியும் வந்து தாரை வார்ப்பாங்க. இருக்காரா இல்லையான்னே தெரியாதவங்களுக்கு எங்க நிக்கணும்னு ஒரு எடம் இல்ல. இத்தன வருஷமா பொட்டு வெச்சிட்டுத்தான் இருக்கேன் தம்பி, வெக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி பாப்பான்னு சொன்னாங்க. இப்ப அந்தக் கவல முடிஞ்சுது. நான் முடிச்சு வெச்சேன். தூங்காதவன் ஒருத்தன் செஞ்சதுக்கு இது மோசமில்ல.

பெரம்பூரு போச்சு, வில்லிவாக்கம் போச்சு, வெயிலு ஜன்னல் வழியா உள்ள வந்து என் முட்டி மேல உக்காந்திருக்கு. எதுர் சீட்டுல ஒரு அம்மா மல்லிப்பூவ ஈரத்துணில சுத்தி வெச்சிட்டு வாயத் தெறந்து தூங்குது, என்ன ஒரு தூக்கம், பொறாமையா இருக்கு. கொரட்டூர்ல கண்ண மூடினேன் போல, கொடவுன்ல பார்சல் வர்ற பெல்ட்டு ஓடுது, பெல்ட்டு மேல பெட்டிக்கு பதிலா ஆளுங்க உக்காந்து வர்றாங்க, ஹோம்ல இருக்கறவங்க, நெத்தியில ஸ்டிக்கர், நான் பின்கோடு பாத்துப் பாத்துத் தள்ளறேன், ஒருத்தன் ஸ்டிக்கரு மட்டும் நனைஞ்சு போயிருக்கு, கிட்டப் போயிப் பாத்தா நான்தான், யாரோ தோளத் தொட்டாங்க, வாத்யாரே, ஆவடி. எழுப்பினது தேசிங்கண்ணன். தூங்காம இவரப் பாத்துக்கணும்னு அனுப்பிச்சவன இவரு பாத்துட்டு வர்றாரு. மேடத்துக்குத் தெரிஞ்சா நல்லா இருக்கும். கனவு ஒண்ணும் பெரிய கனவு இல்ல, எல்லாரும் காணற மாதிரிதான், ஆனா அந்த நனைஞ்ச ஸ்டிக்கரு கண்ணுலயே நிக்குது. கொடவுன்ல சேரும்போது அவசரம்னா யாரக் கூப்பிடணும், ஒரு நம்பர் சொல்லுன்னு சூப்பர்வைசர் கேட்டான். யோசிச்சேன். அக்கா நம்பர் மாறிடுச்சு, புதுசு வாங்கணும் வாங்கணும்னு இருந்தேன். ரூம்ல இருக்கறவனுங்க யாரும் ராத்திரி போன் எடுக்க மாட்டானுங்க. கடைசில என் நம்பரையே சொன்னேன். அவனும் எழுதிக்கிட்டான். பெல்ட்டுல கை மாட்டி நான் விழுந்தா அவன் எனக்கே போன் பண்ணி எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லுவான், என் பாக்கெட்ல ரிங் அடிக்கும். சொல்லிச் சொல்லி சிரிச்சிருக்கேன், ரூம்ல, டீக்கடையில, காலேஜ்ல, நல்ல ஜோக்கு. இந்த ட்ரெயின்ல சிரிப்பு வரல. எனக்குத் தலையில அடிபட்டா எந்த மலையச் சொல்லுவேன், எவன் வந்து சுத்தி வளைச்சு கேப்பான். அத விடு. பட்டாபிராம். அடுத்தது நெமிலிச்சேரி. எண்ணிக்கிட்டு வந்தா தூக்கம் வராது.

திருநின்றவூர்ல வேர்க்கடலை ஏறுச்சு. அவிச்சது. ரெண்டு பொட்டலம் வாங்கினேன், அவரு தோல உரிச்சு ஜன்னல் வழியா போடாம தன் வேட்டி மடிப்புலயே போட்டுக்கிட்டாரு, அது ஹோம் பழக்கம். வாயில கடலையப் போட்டுக்கிட்டே சொன்னாரு, எங்கம்மா அவிச்சா உப்பு கூட இருக்கும், நான் ஒரே பையன், எனக்குன்னு தனியா எடுத்து வெப்பா. நான் தலைய ஆட்டினேன். ஞாபகம் வருது பாரு, ஊர் கிட்ட வர வர ஞாபகம் வருதுன்னு சந்தோஷமாக் கூட இருந்துச்சு. அவரு அடுத்த கடலைய ஒடச்சாரு. ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கலாம், அதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. அப்புறம் எவன் பண்ணி வெப்பான், எனக்கும் தோணல, அப்படியே போயிடுச்சு. ட்ரெயின் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு, நான் சரியாத்தான் கேட்டேனான்னு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், வேப்பம்பட்டு வந்து போச்சு. அண்ணே. உம். உனக்குக் கல்யாணம் ஆகலியா? இல்லியே. அப்ப கோமளாக்கா? எந்தக் கோமளா? போன்ல பாத்தியே, அழுதாங்களே, இப்ப நாம போறமே. ஓ, அந்தம்மாவா. கடலைத் தோல வேட்டியில தட்டினாரு. பாவம், நல்ல அம்மாவா தெரியுது, அது யாருன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் எழுந்து நின்னுட்டேன். எதுக்கு நின்னேன்னு தெரியல, ஓடற ட்ரெயின்ல நின்னு என்ன ஆகப் போகுது. உக்காரு வாத்யாரே, விழுந்துடப் போறன்னாரு. உக்காந்தேன். நீதானே ஆமா ஆமான்னு சொன்ன? நீதானே தெனம் கேட்ட, மலை இருக்கா, மலை இருக்கான்னு. கண்ணு ரெண்டும் உள்ள போயி, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, இருக்குன்னு சொன்னா போயி தூங்குவேன்னு சொன்னேன். லீவு வந்தா உன்ன மாதிரி யாராவது ஒருத்தர் வருவாங்க, கேப்பாங்க, நான் ஒரு ஊரச் சொல்லுவேன். போன வருஷம் ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு வந்துச்சு, அதுக்கு வந்தவாசி சொன்னேன். அதுக்கு முன்ன ஒரு பையன், அவனுக்குப் போளூரு. எழுதிக்குவாங்க, தேங்க்ஸ் சொல்லுவாங்க, போயிடுவாங்க. ஒருத்தரும் வீட்டக் கண்டுபிடிச்சதில்ல. நீதான் கண்டுபிடிச்சிட்ட. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்கே இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணே. எப்படிச் சொல்றது? எல்லாரும் கை தட்டிட்டீங்க. கை தட்டினதுக்கு அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?

செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர். திருவள்ளூர்ல கூட்டம் எறங்கிச்சு, எதுர் சீட்டு மல்லிப்பூ அம்மாவும் எறங்கிச்சு, வாசன மட்டும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போச்சு. கோபம் வரணும். வருது, வந்த உடனே களைச்சுப் போகுது, என்ன மாதிரியே அதுவும் தூங்கல போல. ஞாபகம் இல்லன்னது பொய்யாண்ணேன்னு கேட்டேன். பாதி பொய்யின்னாரு. ஆஸ்பத்திரில நெஜமாவே இல்லையாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சாம், அதுக்குள்ள ஹோம்ல பாத்துட்டாராம், அட்ரஸ் தெரிஞ்சவன வண்டி ஏத்தி அனுப்பிடறாங்க, தெரியாதவன வெச்சுக்கறாங்க. சரி, உன் நெஜப் பேரு என்ன? பேரச் சொன்னா அதுக்கும் ஒரு வீடு கண்டுபிடிப்ப, வேணாம்பா. கண்டுபிடிப்பேன்தான், ரெண்டு நாள் தூக்கம் இல்லன்னா எந்த வீட்டையும் கண்டுபிடிப்பேன். மேடத்துக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே அவங்க, குபேந்திரன், சந்தோஷமான விஷயம், கட்டிலுக்கு ஆளு வந்தாச்சு, ஆஸ்பத்திரிலருந்து, கால் எடுத்தவரு, பாவம், ரெண்டு நாளா வராண்டாவுல படுத்திருந்தாராம், கரெக்ட்டான நேரத்துக்கு நீங்க கூட்டிட்டுப் போனீங்க. மேடம், இங்க ஒரு டவுட்டு. என்ன டவுட்டு? இவரு அவரு இல்லியோன்னு. போன்ல பின்னாடி யாரோ பாத்திரம் கழுவற சத்தம். குபேந்திரன், எல்லா ரீயூனியன்லயும் கடைசி நேரத்துல அவங்களுக்கு ஒரு பயம் வரும், ஏதேதோ பேசுவாங்க, நமக்கு அந்த பயம் வரக் கூடாது, நாம ஸ்டெடியா இருக்கணும். பிளாட்பாரத்துல கட்டிப்புடிக்கும்போது ஒரு போட்டோ, படுக்க வெச்சு எடுங்க, நிக்க வெச்சு எடுக்காதீங்க. படுக்க வெச்சுன்னது போன. எனக்கு அது புரியவே கடம்பத்தூர் வந்துடுச்சு. ஸ்டெடியா இருக்கணும். நான் ஸ்டெடியானவன்தான், எல்லாரும் சொல்லுவாங்க, கொடவுன்ல, காலேஜ்ல, குபேந்திரன் ஸ்டெடியான ஆளுன்னு. அசையறதுக்குத் தெம்பு இல்லாதவன அப்படித்தான் சொல்லுவாங்க. அரக்கோணத்துல எறங்கி திரும்பிடலாம். திரும்பி? கட்டில்ல கால் எடுத்தவரு படுத்திருக்காரு, அவர எழுப்பவா முடியும். வேற ஹோமுன்னா போலீஸ்ல எழுதி வாங்கணும், அதுக்கு ஸ்டேஷன்ல ரெண்டு நாள் நிக்கணும், அந்த ரெண்டு நாளு இவரு எங்க. என் ரூம்ல ஏற்கெனவே ஆளு மேல ஆளு, நான் படுக்கறதே இன்னொருத்தன் எழுந்து போன பாயில. சென்ட்ரல் பிளாட்பாரம்தான். வேட்டி சட்டையோட, பையோட, சோப்போட. நான்தான் கூட்டிட்டு வந்து விட்ட மாதிரி ஆகும். மாதிரி என்ன, நான்தான். எறங்காம அப்படியே கூட்டிட்டுப் போனா? அந்தம்மா பாத்த உடனே தெரிஞ்சுடும். போன்ல தெரியாதது நேர்ல தெரியும். எல்லாரும் நிப்பாங்க, தம்பி நிப்பான், தம்பி பொண்டாட்டி நிப்பா, பத்திரிகையில திருன்னு அடிச்சிருப்பாங்க. இத்தன வருஷம் ஒருத்தரும் செய்யாதத நான் செஞ்சிருப்பேன், இன்னொரு தடவ அவங்கள விட்டுட்டுப் போக ஒரு ஆள ட்ரெயின் ஏத்திக் கூட்டிட்டு வந்திருப்பேன். மணவூர். திருவாலங்காடு. சொல்லிடணும். யாருகிட்ட, எப்ப. சொல்லிடணும்னு நெனச்சுக்கிட்டே போன கையில வெச்சுப் பாத்துட்டிருக்கேன், ஸ்க்ரீன்ல என் மூஞ்சி தெரியுது, நல்லா இல்ல. இவரு பக்கத்துல கடலைப் பொட்டலத்துல மிச்சம் இருக்கறத என் பக்கம் நகத்தறாரு. நீ சாப்பிடலியே.

அரக்கோணத்துல ட்ரெயின் நின்னுச்சு, அது அங்க கொஞ்சம் நிக்கும். தண்ணி புடிச்சிட்டு வர்றேன்னு சொல்லி எறங்கினேன், பாட்டில எடுத்துட்டுப் போகல. அவருக்கும் தெரிஞ்சிருக்கும். பைப்புகிட்ட நின்னு கோமளாக்கா நம்பரப் போட்டேன். தம்பி, எங்க வர்றீங்க? அரக்கோணம்க்கா. இந்தா வந்துட்டீங்க, நாங்க ஸ்டேஷன்லதான் இருக்கோம், நானும் பொண்ணும், அவ காலையிலருந்தே நிக்கறா, வெயில்ல நிக்காதடின்னா கேக்க மாட்டேங்கறா. அக்கா, கொஞ்சம் தள்ளி வந்து பேசறீங்களா. காலடிச் சத்தம், ஆட்டோ ஹாரனு, யாரோ பூவு பூவுன்னு கத்தறாங்க, அப்புறம் சத்தம் கொறஞ்சுது. சொல்லுங்க. நான் ஒரு தடவ மூச்ச இழுத்துக்கிட்டேன். அக்கா, தப்பு என்னுது, இவரு உங்க வீட்டுக்காரரு இல்ல. இவருக்குக் கல்யாணமே ஆகல. நான் கேட்டுக் கேட்டு அவரு ஆமான்னு சொல்லிட்டாரு. சொன்ன உடனே உடம்புல இருந்து ஏதோ எறங்கின மாதிரி இருந்துச்சு, இங்கியே படுத்துடலாம் போல, பைப்புத் தண்ணி ஓடற எடத்துலயே. அழப் போறாங்கன்னு காத்திருந்தேன். தெரியும் தம்பின்னாங்க. என்னக்கா? தெரியும்னு சொல்றேன், போன்ல பாத்தப்பவே தெரியும், கூட குடும்பம் நடத்தினவளுக்கு அது கூடத் தெரியாதா, அவருக்குக் காது இப்படி இருக்காது. அப்ப ஏங்க்கா அவருதான்னு சொன்னீங்க? பின்னாடி என் பொண்ணு நின்னுட்டிருந்தா தம்பி. அப்பா அப்பான்னு என் தோளப் புடிச்சு உலுக்கறா. இங்க இவ, அங்க நீங்க எல்லாம் சுத்தி நிக்கறீங்க, சொன்ன உடனே கையும் தட்டிட்டீங்க. ஒரு ட்ரெயின் எதுர்ல தடதடன்னு போச்சு, முடியற வரைக்கும் அவங்களும் காத்திருந்தாங்க, நானும் காத்திருந்தேன். அந்தாளு குடிப்பாரா? மாட்டாருக்கா. கை நீட்டுவாரா? ஒரு தடவ டிவி ரிமோட்டுக்காக ஒருத்தர அடிச்சிருக்காருக்கா, அதுவும் விளம்பரத்துக்கு மாத்திட்டான்னு. அதுக்கு யாரா இருந்தாலும் அடிப்பாங்க. கூட்டிட்டு வாங்க. அக்கா, ஊர்ல கண்டுபிடிச்சிடுவாங்களே. அவரு ஊர்ல இருந்ததே கொஞ்ச நாளு, எப்பப் பாத்தாலும் வெளியூருதான், அவரு சனங்க யாரும் இங்க இல்ல. எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், அவன் கண்டுபிடிப்பான், பந்தி முடியற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டான். அப்புறம் கல்யாணம் முடிஞ்சு? அப்புறம் அவரு இருக்கறதுன்னா பின்னாடி தறிக் கொட்டா சும்மாத்தான் கெடக்கு, இருக்கட்டும். போறதுன்னா போகட்டும், துரைக்கண்ணு மறுபடியும் போயிட்டான்னு கேட்டா இந்த ஊர்ல ஒருத்தரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. ட்ரெயின் ஹாரன் அடிச்சுது. வண்டி எடுத்துட்டானா, ஏறுங்க தம்பி, ஓடற வண்டில ஏறாதீங்க.

ஓடற வண்டிலதான் ஏறினேன். மூச்சு வாங்குது, உக்காந்தேன், தண்ணி எங்கன்னு அவரு கேக்கல. சொல்லிட்டேன் அவருகிட்ட, எல்லாத்தையும், அந்தம்மாவுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியாது, தறிக் கொட்டா, கூடப் பொறந்தவன், காது. காதுன்னதும் தன் காதத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. உனக்கு வேணாம்னா சொல்லுண்ணே, திரும்பிடலாம். எங்க திரும்பறது? அது தெரிஞ்சிருந்தா அரக்கோணத்துலயே அவரையும் எறக்கியிருப்பேன். வெளிய வெயிலு, காஞ்ச ஏரி, பனமரம், தூரத்துல நீலமா மலை தெரிய ஆரம்பிச்சுடுச்சு, நெஜமாவே மலை இருக்கு. அந்தப் பொண்ணு. அந்தப் பொண்ண யாரும் கேக்கல. நாங்க மூணு பேரும் பேசி முடிச்சிட்டோம், பெரியவங்க பேசி முடிக்கற மாதிரி. என்னிக்காவது தெரிஞ்சா என்ன கேப்பா, அந்த இன்டர்ன்ஷிப் ஆளு எங்கன்னு கேப்பா, அந்த ஆளு அன்னிக்கு எங்க இருப்பான், சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டுப் போயிருப்பான், கண்ணாடி போட்ட பொண்ணும் போளூர்ப் பையனும் போன மாதிரி. எறங்கின உடனே அவகிட்ட நேரா போயி சொல்லிடலாம். இவரு உங்கப்பா இல்லம்மா. காலையிலருந்து வெயில்ல நிக்கறவகிட்ட. அம்மா சொன்னது பொய்யின்னு அவ மூஞ்சிக்கு நேரா நான் சொல்லணும், சொல்லிட்டு அடுத்த வண்டியப் புடிச்சு கொடவுனுக்கு வேலைக்குப் போகணும், யாரு கேட்டா உன்னன்னு அந்தம்மா கேப்பாங்க, சரிதான், யாரு கேட்டா. சொல்றது எது, சொல்லாம இருக்கறது எது, ரெண்டுல எது கம்மியா வலிக்கும், யாருக்கு. காலேஜ்ல இதுக்கு ஒரு பேப்பர் இருக்கு, எதிக்ஸ், அந்த கிளாஸ்ல நான் முழுசா முழிச்சிருந்ததில்ல. இச்சிபுத்தூர் தாண்டிடுச்சு. அவரு வேட்டியில இருந்த கடலைத் தோல எல்லாம் கூட்டி பொட்டலத்துல போட்டு மடிச்சாரு. சட்ட காலரு உள்ள மடங்கியிருந்துச்சு, நான் எடுத்து விட்டேன், ஏன் எடுத்து விட்டேன்னு தெரியல, கை தானா போச்சு. விரலால தலையச் சீவிக்கிட்டாரு. ட்ரெயின் வேகம் கொறஞ்சு பிளாட்பாரம் உள்ள வருது, கூட்டம் அதிகம் இல்ல, பச்சப் பொடவையில கோமளாக்கா, போன்ல பாத்தத விட ஒல்லியா, அவங்களுக்கு ரெண்டடி முன்னாடி மஞ்சச் சுடிதார்ல ஒரு பொண்ணு, ஒவ்வொரு ஜன்னலா தேடிக்கிட்டே கூட நடந்து வர்றா, எங்க பொட்டி அவளத் தாண்டிடுச்சு, திரும்பி ஓடி வர்றா. தேசிங்கண்ணன் எழுந்து கம்பியப் புடிச்சிட்டு நின்னாரு. பொண்ணு பேரு என்ன? ஜன்னல் வழியா அவளையே பாத்துட்டுக் கேட்டாரு. சொன்னா அது நான் செஞ்சது. சொல்லலன்னா அதுவும் நான் செஞ்சதுதான். அவ பக்கத்துல வந்துட்டா, மூச்சு வாங்கற சத்தம் கேக்குது. யோகலட்சுமின்னேன். யோகலட்சுமி, யோகலட்சுமின்னு உதட்டுக்குள்ள ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு, இத்தன நாள்ல அவரு மூஞ்சில பயத்த அப்பத்தான் பாத்தேன். வீட்ல எப்படிக் கூப்புடுவேன், யோகான்னா, லட்சுமின்னா? அத நான் கேட்டு வெச்சுக்கல.